இதழ் ஒட்டும் எழுத்து

என் பெயரைச் சொல்வதற்கு எனக்கு எழுபது ஆண்டுகளாகப் பிறர் உதவி தேவைப்பட்டிருக்கிறது. அது பகரத்தில் தொடங்கும் பெயர். யாரேனும் "ஒங்க பேரு என்னங்க?" என்று கேட்ட நொடியில் என் மேலிதழும் கீழிதழும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே காற்று முட்டும்; கழுத்து நரம்பு புடைக்கும்; எழுத்து மட்டும் வெளிவராது. கேட்டவர் இரக்கங்கொண்டு என் கையிலுள்ள தாளை எட்டிப் பார்த்துத் தாமே சொல்லிவிடுவார். நான் தலையசைப்பேன். தவறாகச் சொன்னாலும் தலையசைப்பேன். அவ்வாறு ஒருமுறை அசைத்ததன் விளைவாகக் குடும்ப அட்டையில் ஓராண்டுக் காலம் நான் வேறொருவராக வாழ்ந்தேன்.

திக்கல் ஒரு துன்பம் என்பதை எனக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பள்ளியில் ஆசிரியர் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டதும் பின்வரிசையிலிருந்து, "மோட்டார் தண்ணி எடுக்கலடா, ஒரு சொம்பு ஊத்துங்கடா!" என்று குரல் வரும். வயற்கிணற்று மோட்டார் நீரை இழுக்காமல் வெறுங்காற்றில் உறுமும்போது குழாய்க்குள் ஒரு செம்பு நீரை வார்த்து ஓடவைப்பார்கள். உவமை என்ற அளவில் அதில் குற்றம் காண இயலாது என்பதை நானும் ஆசிரியனான பிறகு ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒருநாள் அவர்கள் உண்மையாகவே என் தலையில் ஊற்றினார்கள். நனைந்த சட்டையோடு மாலை மணி அடிக்கும்வரை அமர்ந்திருந்தேன்.

அதே பள்ளிதான் எனக்கு ஒரு வழியையும் திறந்துவிட்டது. வருகைப் பதிவின்போது மற்ற ஆசிரியர்களுக்கெல்லாம் "பிரசன்ட் சார்" என்று சொல்ல வேண்டும். என்னால் இயலாது. வகுப்பில் அமர்ந்துகொண்டே பல நாள் வராதவனாகப் பதிவானேன். தமிழ் வகுப்பில் மட்டும் "உள்ளேன் ஐயா". உகரம் உயிரெழுத்து; இதழ் குவியுமே தவிர ஒட்டாது. நாள்தோறும் அந்த ஒரு வகுப்பில் நான் உள்ளவனாக இருந்தேன். தமிழே படிப்பது என்று நான் பின்னர் எடுத்த முடிவை மொழிப்பற்று என்று என் பணிநிறைவு விழாவில் நான்கு பேர் பாராட்டினார்கள். மறுத்துப் பேச எழுந்தால் மேடையில் திக்குமே என்று ஏற்றுக்கொண்டேன்.

சொற்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். பகரத்தில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் வேறெழுத்தில் தொடங்கும் ஒன்று கைவசம் இருந்தாக வேண்டும். பகலவனை ஞாயிறு என்றேன். பறவையைப் புள் என்று சொல்ல முடியாது, அதுவும் அதே எழுத்து, ஆகையால் குருவி என்றேன், பருந்தாக இருந்தாலும். ஒருமுறை வரப்பில் பாம்பைக் கண்டு "அரவு! அரவு!" என்று கூவினேன். களை பறித்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் விளங்கவில்லை. பாம்பு தானாகவே போய்விட்டது. ஆயினும் அந்தப் பழக்கம் என்னைக் கைவிடவில்லை. ஒரு தொடரின் முதற்சொல்லைச் சொல்லும்போதே ஐந்தாம் சொல் எந்த எழுத்தோடு காத்திருக்கிறது என்று பார்த்துவிடுவேன். வளைவுக்கு அப்பால் வரும் லாரியை முன்கூட்டியே அறியும் ஓட்டுநரைப் போல. கேட்பவர்கள் என்னைத் தூய தமிழ் பேசுபவன் என்றார்கள். என் தமிழில் பாதி, தப்பி ஓடும்போது கால்பட்ட இடங்கள்.

ஆவுடையார்கோவில் பக்கத்துப் பள்ளியொன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றினேன். செய்யுளை ஓசையோடு படிக்கும்போது எனக்குத் திக்குவதே இல்லை. அதனால் இலக்கணத்தைக்கூட இழுத்து இசைத்தே நடத்தினேன். மாணவர்களுக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, மறக்காமலும் இருந்தது. ஆசிரியர் அறையில் எல்லாரும் தங்கள் குறைகளை என்னிடம்தான் வந்து சொன்னார்கள். குறுக்கே பேசாமல் கேட்பவர் என்று எனக்குப் பெயர். உண்மையில் நான் விடை சொல்லத்தான் முயன்றுகொண்டிருப்பேன். முதல் எழுத்து கிடைப்பதற்குள் அவர்கள் பேசி முடித்து, தாமே ஒரு தெளிவுக்கும் வந்து, நன்றி கூறி எழுந்து போய்விடுவார்கள்.

ஆகவே திக்கலால் நன்மையும் உண்டா என்று யாரேனும் கேட்டால், உண்டு என்றே நெடுங்காலம் சொல்லி வந்தேன். சொல்வளம், பொறுமை, முன்னறிவு என்று பட்டியலும் வைத்திருந்தேன். அந்தப் பட்டியலின்மேல் எனக்கிருந்த பெருமிதம் சென்ற ஆண்டு என் மகனின் திருமணத்தைக் கெடுக்கப் பார்த்தது.

மகனுக்கும் திக்கும். நான்கு வயதில் ஒருநாள் என் முன் நின்று "ப... ப... ப..." என்று தொடங்கினான். என் இதழ்களே அவன் முகத்தில் இருப்பதாகத் தோன்றியது. அன்று நான் உண்ணவில்லை. ஆனால் அவன் என்னைப் போல் வளரவில்லை. மாற்றுச்சொல் தேட மாட்டான். எந்தச் சொல்லில் அகப்பட்டானோ அந்தச் சொல்லிலேயே நிற்பான். அது வரும்வரை எதிரிலிருப்பவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நயமாக விலகத் தெரியாத பிள்ளை என்று உள்ளூர வருந்தினேன். படித்து, வளைகுடா நாட்டில் குளிரூட்டிகளைப் பழுது பார்க்கும் பணியில் சேர்ந்தான்.

அவனுக்குப் பார்த்த முதல் இரண்டு இடங்கள் அவன் வாய் திறந்ததும் தட்டிப்போயின. ஒரு வீட்டார் மறுநாள் ஜாதகம் ஒத்துவரவில்லை என்றார்கள். இன்னொரு வீட்டில் பெண்ணின் மாமன் அவன் எதிரிலேயே, "மாப்ள பேசி முடிக்கிறதுக்குள்ள பந்தியே முடிஞ்சிரும் போலயே!" என்று சிரித்தார். திரும்பி வரும் வழியில் மகன், "இனிமே எனக்கு எங்கயும் ப... பாக்க வேணாம்ப்பா" என்றான்.

மூன்றாவது இடம் திருவரங்குளத்துப் பக்கம். பலாவும் முந்திரியும் பயிரிடும் குடும்பம். பெண், வட்டாட்சியர் அலுவலகத்தை ஒட்டிய இ-சேவை மையத்தில் பணியாற்றுகிறாள். இதைக் கொண்டுவந்தவர் என் அக்கை. என் மனைவி மறைந்த பிறகு இந்த வீட்டின் நல்லது கெட்டதெல்லாம் அவர் கையில்தான். பையனும் பெண்ணும் வாட்ஸ்அப் என்னும் புலனத்தில் ஒரு திங்கள் எழுத்தாகவே பேசிக்கொண்டார்கள். அவள் அழைத்தால் இவன் எடுப்பதில்லை; டவர் கிடைக்கவில்லை என்று எழுதிவிடுவான். அப்படிச் செய்யச் சொன்னவரும் அக்கைதான். விடுப்பில் வந்த மகன் முதல்நாள் இரவே என்னிடம், "இந்தப் பொண்ணு இல்லன்னா அடுத்துன்னு ஒண்ணு வேணாம்ப்பா" என்றான். அவன் எதையும் அவ்வளவு உறுதியாகக் கேட்டு நான் அறிந்ததில்லை.

பெண் வீட்டுக்கு வாடகைக் காரில் சென்றோம். வழியில் அவன் தொடங்கினான்.

"அத்த, இன்னைக்கு எப்பிடியும் அந்தப் ப... பொண்ணுகிட்டச் சொல்லிடுறேன்."

"வாய மூடிக்கிட்டு வாடா. பையன் ரொம்ப அமைதின்னு சொல்லி வச்சிருக்கேன், அமைதியாவே இரு. தட்டு மாத்துனதுக்கு அப்பறம் நீ மைக்கப் புடிச்சுக்கூடப் பேசு."

"அது ஏமாத்துறது இல்லையா?"

"யார்றா ஏமாத்துறா? கேட்டாச் சொல்லப் போறோம். கேக்கலன்னா எதுக்குச் சொல்லணும்? ஒங்கப்பன் கல்யாணத்துலயும் சொல்லாமத்தான் வச்சோம். ஒங்கம்மா என்ன ஓடியா போயிட்டா? என்ன தம்பி, நான் சொல்றது?"

கடைசிக் கேள்வி எனக்கு. என் மனைவி ஓடிப் போகவில்லைதான். ஆனால் திருமணமான எட்டாம் நாள் அவள் என்னிடம், "என்னைய ஒங்களுக்குப் பிடிக்கலையா? பிடிக்கலன்னா சொல்லிருங்க, நான் அழமாட்டேன்" என்று கேட்டதை அக்கை அறியார். எட்டு நாளும் நான் திக்கலுக்கு அஞ்சிப் பேசாமல் இருந்திருக்கிறேன். அதைக் காரில் சொல்லியிருக்கலாம். நான் தலையை மட்டும் அசைத்தேன்.

போகும் வழியெல்லாம் என் மனம் வேறொன்றில் ஓடிக்கொண்டிருந்தது. திருமணப் பேச்சின் சொற்களெல்லாம் ஏன் ஒரே எழுத்தில் வந்து குவிந்தன என்று எவரேனும் ஆராய வேண்டும். பெண், பையன், பொருத்தம், பூ, பாக்கு, பரிசம், பத்திரிகை, பந்தல், பந்தி. யாவற்றுக்கும் மேலாக, "பிடித்திருக்கிறது" என்னும் சொல். பையனின் தந்தை என்ற முறையில் இறுதிச் சொல்லை நான்தான் சொல்ல வேண்டும். பிடித்திருக்கிறது என்பதற்கு மாற்றாக, மனம் நிறைந்துவிட்டது என்று வகுத்துக்கொண்டேன். அதுவே இன்னும் அழகாக இருப்பதாகவும் எண்ணிக்கொண்டேன்.

பெண்ணின் தந்தை வாயிலுக்கே வந்து எதிர்கொண்டார். "வாங்க, வாங்க. இங்கிட்டு காத்து வரும், இங்கிட்டு உக்காருங்க." கேசரியும் காப்பியும் வந்தன. பெண் வந்து வணங்கிவிட்டு உள்ளே சென்று கதவோரம் நின்றாள். அக்கை எல்லாருடைய பங்குக்கும் சேர்த்துப் பேசினார். மகன் காப்பிக் குவளையைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தான். பெண்ணின் தந்தை அவனிடம் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார். அவன் இதழ் பிரிப்பதற்குள் ஒவ்வொன்றுக்கும் அக்கையே விடை சொன்னார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியதை நான் கண்டேன். ஏன் என்று அறியவில்லை.

இப்பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அதாவது சோறு உண்ண மாட்டார்கள். அடுக்களையில் சமையல் மணத்தது. பெண்ணின் தாயார் வெற்றிலை பாக்குத் தட்டோடு நடுக்கூடத்துக்கு வந்து நின்றார். பெண்ணின் தந்தை என்னைப் பார்த்தார்.

"அப்பறம் என்னங்க, வாத்தியாரய்யா? எங்களுக்குச் சம்மதம். நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா எலையப் போட்டுரலாம்."

மனம் நிறைந்துவிட்டது என்று சொல்ல வாய் எடுத்தேன். மகரமும் பகரத்தைப் போல் இதழ் பொருந்திப் பிறக்கும் எழுத்து என்று ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியவன் நான். அன்று அதை மறந்துபோனேன். இதழ்கள் ஒட்டிக்கொண்டன. மூச்சு முட்டிற்று. அத்தனை கண்களும் என் வாயில் இருந்தன. எப்போதும்போல் ஓர் உயிரெழுத்தைத் தேடி ஓடினேன். கிடைத்தது.

"ஊருக்குச் சென்று சொல்லி அனுப்புகிறோம்."

ஒரு திக்கல் இல்லை, ஒரு தடை இல்லை. அன்று காலையிலிருந்து நான் பேசியவற்றுள் அதுதான் முழுமையான தொடர். சொல்லி முடித்த பிறகே அதன் பொருள் என் காதில் விழுந்தது. எங்கள் ஊர்களில் அந்தத் தொடருக்கு ஒரே பொருள்தான்: எங்களுக்கு வேண்டாம்.

தாயார் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றார். கதவோரத்து வளையல் ஒலி நின்றது. பெண்ணின் தந்தை குரலில் எதையும் காட்டாமல், "ஆகட்டுங்க. ஒங்க தோதுபோலச் சொல்லி அனுப்புங்க" என்று எழுந்தார். அக்கை என் முழங்கையைப் பற்றி, "அடி ஆத்தி! என்ன தம்பி சொல்லிப்புட்ட!" என்று உலுக்கினார். நான் திருத்திச் சொல்ல முயன்றேன். ஒரு சொல்லும் வரவில்லை. பள்ளி நாளிலிருந்து சேர்த்த சொற்களில் ஒன்றுகூட வரவில்லை.

அப்போது மகன் எழுந்தான்.

"இருங்க மாமா."

மாமா என்ற சொல்லை அவன் அங்கே அதுவரை யாரையும் நோக்கிச் சொல்லியிருக்கவில்லை. பெண்ணின் தந்தை திரும்பினார்.

"அப்பா வேணாம்னு சொல்லல. ப... ப... ப..." அவன் நின்றான். கண்ணைத் தாழ்த்தவில்லை. அக்கை எடுத்துக்கொடுக்க வாயெடுத்தார். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். "பிடிச்சிருக்குங்கிற வார்த்த அப்பாவுக்கு வராது. வராததால வாயில வந்ததச் சொல்லிட்டாங்க. எனக்கும் இப்பிடித்தான் திக்கும். மொதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லல. அது தப்பு. ஆனா எனக்கு ப... ப... பிடிச்சிருக்கு."

கதவுக்குப் பின்னிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"அதுக்குத்தான் ஒரு மாசமா டவரு இல்ல, டவரு இல்லன்னீங்களா? துபாய்ல டவரு இல்லன்னா எந்த ஊரு நம்பும்?"

"ஏய், சும்மா இருடி" என்றார் தாயார்.

"இரும்மா." பெண் வெளியே வந்தாள். "நாளெல்லாம் சர்வர் சுத்துறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு வருமானச் சான்றுக்கு அரை மணி நேரம் சுத்தும். அதுக்கே நான் கோவப்பட்டதில்ல."

மகன் சற்று எண்ணினான். "ச... சர்வரவிட நான் வேகந்தான்" என்றான்.

முதலில் சிரித்தவர் தாயார். தட்டு கையில் இருந்ததால் வாயைப் பொத்தவும் இயலவில்லை. ஒரு கொட்டைப்பாக்கு உருண்டு கீழே விழுந்தது. பெண்ணின் தந்தை நாற்காலியில் பொத்தென்று மீண்டும் அமர்ந்து, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பாடா! இவ்வளவுதானா? பையன் ரொம்ப அமைதி, ரொம்ப அமைதின்னு ஒங்க அக்கா சொல்லச் சொல்ல எனக்குச் சந்தேகமா போச்சுங்க. கல்யாணம் பேச வந்த பையன் வாயவே தெறக்கலன்னா என்ன அர்த்தம்? மனசு வேற எங்கிட்டோ இருக்கு, வீட்ல இழுத்துட்டு வந்திருக்காங்கன்னுதானே நெனைக்கத் தோணும்? சரி, எலையப் போட்டாலும் பெறகு தனியா ஒருக்கா விசாரிச்சுப்புடணும்னு இருந்தேன்."

என் மனைவி எட்டாம் நாள் கேட்ட கேள்வி இந்த மனிதரின் மனத்தையும் காலைமுதல் அரித்திருக்கிறது. நாங்கள் மறைக்க முயன்ற திக்கல் ஒருவரையும் அச்சுறுத்தவில்லை. மறைப்பதற்காகப் பூசிய அமைதிதான் அச்சுறுத்தியிருக்கிறது.

"வாத்தியாரய்யா," என்றார் அவர் என்னிடம், "பையன் சொல்லிட்டாலும் மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல. அந்த வார்த்தைய நீங்களே சொல்லிருங்க. அவசரமில்ல. காப்பி ஆறிப்போச்சுன்னா வேற போட்டுக்கிருவோம்."

எனக்கு அப்படி யாரும் நேரம் கொடுத்ததாக நினைவில்லை. அல்லது, கொடுத்திருந்தாலும் நான் வாங்கிக்கொண்டதில்லை. நான் தொடங்கினேன். இதழ்கள் ஒட்டின. விலகி ஓட ஏழெட்டுச் சொற்கள் வரிசையில் வந்து நின்றன. நிறைவு, இசைவு, உவப்பு எல்லாம் வந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. மகன் என் பக்கத்தில் நின்றானே ஒழிய எடுத்துக்கொடுக்கவில்லை. பகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் உதிர்ந்தன. என் கழுத்து புடைத்திருக்கும், கண் செருகியிருக்கும், பார்க்க அழகாக இருந்திருக்காது. கடைசியில் அது வந்தது. "பிடித்திருக்கிறது." தாயார் தட்டை நீட்டினார். அக்கை அழுதுகொண்டே வாங்கினார்.

என் பழைய பட்டியலை நான் கிழித்துப் போடவில்லை. சொல்வளமும் பொறுமையும் திக்கல் எனக்குத் தந்தவைதாம்; அவற்றால் ஒரு வாழ்நாள் சோறு உண்டிருக்கிறேன். ஆனால் அவற்றுள் பலவற்றை நான் ஒளிவதற்கே பயன்படுத்தினேன் என்பதை அன்றுதான் கண்டேன். ஒளியத் தெரியாத என் மகனுக்குத் திக்கல் வேறொன்றைக் கொடுத்திருந்தது. அவன் சொல்லும் சொல் அவன் சொல்ல நினைத்த சொல்லாகவே இருக்கும். அதை ஒரு குறையாகக் கருதி நான் வருந்திய ஆண்டுகளை எண்ணினால் வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தைவிடப் பெரிதாக ஒரு சுமை இறங்கிய உணர்வும் இருக்கிறது. நான் அவனுக்குத் தந்தது வெறுந்துன்பம் மட்டுமன்று.

இலை போட்டார்கள். நான், மகன், பெண்ணின் தந்தை மூவரும் ஒரு வரிசையில் அமர்ந்தோம். சோறும் குழம்பும் ஆன பிறகு பெண்ணின் தாயார் பாயச வாளியோடு வந்தார். ஒரு கரண்டி ஊற்றினார். எனக்கு அது மிகுதி. வழக்கமாக இலையின்மேல் கையைக் குறுக்கே நீட்டிவிடுவேன். வாயைத் திறக்க வேண்டியிராது. அன்று கையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லியே தீருவது என்று அமர்ந்தேன்.

"ப்... ப்..."

"இன்னுங் கொஞ்சமா? ஊத்துறேங்க, கூச்சப்படாதீங்க." இரண்டாம் கரண்டி விழுந்தது.

"ஊத்துங்க, ஊத்துங்க. தம்பிக்குப் பாயசம்னா உசுரு" என்றார் அக்கை, வேண்டுமென்றே.

மூன்றாவது ஊற்றப்பட்டது. மகன் என் உதவிக்கு வந்து, பெண்ணின் தாயாரிடம், "அத்த, அப்பா ப்... போ... போ..." என்று அதே சொல்லில் அகப்பட்டான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரே எழுத்தில் நின்றோம். கரண்டி நான்காம் முறை வாளிக்குள் இறங்கியது. கதவோரத்திலிருந்து அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். பாயசம் இலையின் விளிம்பைத் தொட்டபோது எங்கள் இருவர் வாயிலிருந்தும் ஒன்றாக வந்தது "போதும்" என்னும் சொல். அவ்வளவு பாயசத்தையும் வழித்து உண்ண எனக்கு நெடுநேரம் ஆயிற்று. யாரும் எழவில்லை.